மெட்டல் டிடெக்டர் பெயரில் இருக்கும் எண் ஆழத்தைச் சொல்லாது

"ணா, எம்.டி. 3010 வாங்கறதா, 4030 வாங்கறதா? 4030னா இன்னும் ஆழமா பாக்கும்தானே?"

காசிமேட்டுத் தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டது. இதையே கொஞ்சம் மாற்றித் தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். பணம் போட்டு வாங்கப்போகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

பார்க்காது தம்பி. அந்த எண்ணுக்கும் ஆழத்துக்கும் சம்பந்தமே கிடையாது. 4030 என்றால் 40 அங்குலமும் இல்லை, 30 அங்குலமும் இல்லை. பொழுதுபோக்குக்கு வாங்கும் சின்ன டிடெக்டர்களில் எந்தக் கம்பெனி வைக்கும் எண்ணும் ஆழத்தைச் சொல்வதற்காக வைத்ததல்ல.

ஏன் என்று புரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. கீழே வட்டமாக இருக்கும் கம்பிச்சுருள் (இதைத்தான் காயில் என்கிறோம்) ஒரு மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் படும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, காயில் அதைப் பிடிக்கிறது. போகும்போதும் பலம் குறைகிறது, வரும்போதும் குறைகிறது. காயிலின் அளவைத் தாண்டிய ஆழத்தில், ஒரு மோதிரம் இரண்டு மடங்கு தூரம் போனால் திரும்பி வரும் சிக்னல் பாதியாவதில்லை, ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகிவிடுகிறது. 8 அங்குலக் காயில் ஒரு நாணயத்தை ஏறக்குறைய 8 அங்குல ஆழத்துக்குள்தான் உருப்படியாகக் காட்டும் என்பது இதனால்தான். 10 அடி, 15 அடி என்று விளம்பரத்தில் போடுபவர்களிடம், ஒற்றை மோதிரத்தைப் புதைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் இத்தனை வருடங்களில் என்னதான் முன்னேறியிருக்கிறது என்று கேட்கலாம். என் கருத்தில் மிகப் பெரிய முன்னேற்றம் எடையிலும் அளவிலும்தான். 1930களில் கெர்ஹார்ட் ஃபிஷர் அமெரிக்காவில் விற்ற எம்-ஸ்கோப் டிடெக்டர், பழைய ரேடியோ வால்வு வைத்த மரப்பெட்டிகள். இரண்டாம் உலகப்போரில் போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி டிடெக்டர் 14 கிலோவுக்குச் சற்றே குறைவு. 1942-ல் எல் அலமெயின் பாலைவனத்தில் சிப்பாய்கள் அதைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தார்கள். போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய டிடெக்டர்கள் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. இந்தப் பொழுதுபோக்குக்கு அதுவும் ஒரு தொடக்கம். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, எடை இறங்கியது. இன்று ஒரு கிலோ மிஷினை மடக்கிப் பையில் போட்டு, விம்கோ நகர் மெட்ரோவில் ஏறலாம். (பை ஸ்கேனரில் போகும்போது காவலர் கட்டாயம் கேட்பார். மறைக்காமல் எடுத்துக் காட்டிவிடுங்கள்.)

சின்னதாக்கும் இந்த வேலையை ஒரு கம்பெனி எவ்வளவு அக்கறையோடு செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அரிசோனா மாநிலம் பிரெஸ்காட்டில் இருந்த டெசோரோ. ஜாக் கிஃபோர்டு 1980-ல் தொடங்கியது. அவர்கள் பண்டிடோ என்று ஒரு மாடல் போட்டார்கள். அதைத் திருத்தியபோது பண்டிடோ II. பிறகு அதன் மின்சுற்றைச் சின்னப் பெட்டிக்குள் அடக்கியபோது பண்டிடோ II மைக்ரோமேக்ஸ். பெயரைப் படித்த உடனே எந்தக் குடும்பம், எத்தனையாவது திருத்தம், எந்தப் பெட்டி என்று மூன்றும் தெரிந்துவிடும். மைக்ரோமேக்ஸ் என்ற ஒட்டு வந்தால் கையடக்கமான பெட்டி, ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி என்று வாங்குபவருக்குப் புரியும். அது விளம்பரத்துக்காக ஒட்டிய வால் கிடையாது, மிஷினில் நடந்த மாற்றம்.

அதே சின்னப் பெட்டியில் வந்ததுதான் காம்பாட்ரே. ஒரு கிலோ எடை, ஒரே ஒரு குமிழ், திரை கிடையாது. அலைவரிசை 12 கிலோஹெர்ட்ஸ், அதாவது காந்தப்புலம் நொடிக்கு 12 ஆயிரம் முறை மாறுகிறது. குமிழைத் திருப்பத் திருப்ப இரும்பு, சிகரெட் பெட்டித் தாள், கேன் மூடி வளையம் என்று ஒவ்வொரு குப்பையாகச் சத்தம் போடாமல் விட்டுவிடும். கப்பலில் வேலை பார்த்த என் மாமா கொண்டுவந்து கொடுத்த காம்பாட்ரே இன்றும் என்னிடம் ஓடுகிறது. எத்தனையோ பேர் வீட்டு மெட்டியையும் கொலுசுத் திருகையும் அது காய்ந்த மணலிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. டெசோரோ 2018-ல் மூடப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஓரிகனில் 1950-ல் பிறந்த வைட்ஸ் கம்பெனியும் 2020-ல் போய்விட்டது. காயின்மாஸ்டர், கோல்டுமாஸ்டர் என்று எதைத் தேடுகிறாயோ அதையே பெயராக வைத்தவர்கள் அவர்கள்.

இப்போது எண்களின் காலம். மைன்லேப் கம்பெனி 2019-ல் வான்குவிஷ் 340, 440, 540 என்று மூன்று விட்டது. மிஷின்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை, நல்ல மிஷின்கள். ஆனால் அந்த 340-ல் என்ன 340? மூன்றிலும் உள்ளே ஓடுவது ஒரே தொழில்நுட்பம்தான்: மல்டி-ஐக்யூ, அதாவது ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் தேடுவது. 540 வாங்கினால் காயில் பெரிது, வசதிகள் கூடுதல். ஆக அந்த எண்கள் விலைப் படிக்கட்டைத்தான் காட்டுகின்றன. காரெட் கம்பெனியின் ஏஸ் வரிசை 200, 300, 400. அலைவரிசை 6.5, 8, 10 கிலோஹெர்ட்ஸ். பெயர் இரண்டு மடங்காகிறது, அலைவரிசை ஒன்றரை மடங்குதான் ஆகிறது. டெக்னெடிக்ஸ் கிரேக்க எழுத்தையும் எண்ணையும் சேர்த்து டெல்டா 4000, காமா 6000, ஒமேகா 8000 என்று வைத்தது. மூன்றும் 7.8 கிலோஹெர்ட்ஸ்தான். கிரேக்க வரிசையில் காமாவுக்குப் பிறகுதான் டெல்டா வரும், இங்கே அதுவும் தலைகீழ்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது பழைய பெயரை எடுத்துப் புது மிஷினுக்கு வைப்பதில். ஃபிஷரின் கோல்டு பக் இதற்குச் சரியான உதாரணம். கோல்டு பக் 2 என்பது 1990களில் வந்தது, 71 கிலோஹெர்ட்ஸ், பொடிப்பொடியான தங்கத் துணுக்குக்காகவே செய்தது. அதற்குப் பல வருடம் கழித்து, எண்ணே இல்லாமல் 'கோல்டு பக்' என்று இன்னொன்று வந்தது. அது 19 கிலோஹெர்ட்ஸ், வேறு சுற்று, வேறு குணம். 2 என்பது பழையது, எண் இல்லாதது புதியது! செகண்ட் ஹேண்டில் தேடும் ஒருவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? மைன்லேப் எக்ஸ்-டெரா பெயரும் அப்படித்தான். பழைய எக்ஸ்-டெராவில் அலைவரிசை மாற்றக் காயிலையே மாற்ற வேண்டும். இப்போதைய எக்ஸ்-டெரா ப்ரோவில் ஒரே காயிலோடு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவு அதிகம் இல்லை.

காசிமேட்டில் வலை வாங்கப் போகிறவர் கண் அளவைச் சொல்லித்தான் கேட்பார். அந்த எண்ணைச் சொன்னாலே எந்த மீன் மாட்டும், எது தப்பும் என்று கடைக்காரருக்கும் தெரியும். டிடெக்டர் பெயரில் ஒரு எண் இருந்தாக வேண்டும் என்றால் அது அப்படிப்பட்ட எண்ணாக இருக்கட்டும். அலைவரிசையாக இருக்கட்டும், காயில் அங்குலமாக இருக்கட்டும்.

இது நம் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் கடற்கரை மிஷினுக்குக் கஷ்டமான இடம். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அலை நனைத்த மணலில் ஒற்றை அலைவரிசை மிஷின் உலோகம் இல்லாமலே கத்திக்கொண்டே இருக்கும். அலை ஒதுக்கிப்போட்ட கருமணல் கோடு அதற்கு மேல் இன்னொரு தொல்லை. திருவொற்றியூரில் கல் கொட்டிய தடுப்புகளுக்கு நடுவே ஈர மணலில் தேடப்போகிறவருக்குத் தெரியவேண்டிய முதல் விஷயம், மிஷின் ஒற்றை அலைவரிசையா பல அலைவரிசையா என்பதுதான். அது பெரும்பாலான பெயர்களில் இல்லை. துருக்கியின் நோக்டா 2019-ல் விட்ட சிம்ப்ளெக்ஸ் பிளஸ் நல்ல விலைக்கு நல்ல மிஷின், தண்ணீருக்குள்ளும் போகும். ஆனால் 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசை. தண்ணீர் புகாது என்பதைக் கேட்டுவிட்டு உப்பு மணலிலும் அமைதியாக இருக்கும் என்று நினைப்பது வேறு விஷயத்தையும் இதையும் குழப்பிக்கொள்வது.

அடுத்து ஈயக் குண்டு. வலையிலிருந்து அறுந்து விழுந்த ஈயம் நம் மணல் முழுக்கக் கிடக்கிறது. தங்க மோதிரத்துக்கு மிஷின் திரையில் வரும் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஈயத்துக்கும் வரும். திரையில் 'கோல்டு' என்று எழுதி வந்தாலும் தோண்டினால்தான் தெரியும். நாணயப் படங்கள் போட்ட திரைகள் அமெரிக்க நாணயத்துக்குச் செய்தவை. நம் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு, அதை மிஷின் இரும்புக் கணக்கில் சேர்த்துவிடலாம். ஓரம் நெளிநெளியாக இருக்கும் பழைய 10 காசு அலுமினியம் என்பதால் அழகாகக் கூவும். மெல்லிய தங்கச் செயின்தான் மிகவும் கஷ்டம். மிஷின் அதை ஒரே பொருளாகப் பார்க்காமல் தனித்தனிக் கண்ணிகளாகப் பார்க்கிறது. 'கோல்டு' என்ற சொல் பெயரில் இருப்பதால் செயின் கிடைத்துவிடும் என்று நம்பி, வட்டிக்கு வாங்கிப் பணம் போடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பெயரை மட்டும் நம்பினால் எதுவரை போகும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஏ.டி.இ. 651 என்று ஒரு கருவி. வெடிகுண்டைத் தூரத்திலிருந்தே காட்டும் என்று சொல்லி இராக்குக்குக் கோடிக்கணக்கில் விற்றார்கள். சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை விட்டார்கள். உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவுமே இல்லை, கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானின் மறுவடிவம். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் இங்கிலாந்து நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. மூன்று எழுத்தும் மூன்று இலக்கமும் சேர்ந்தால் அது விஞ்ஞானக் கருவி என்று அரசாங்கங்களே நம்பியிருக்கின்றன. நம் ஊரில் ரைஸ் புல்லிங், இரிடியம் என்று ஏமாற்றிச் சுற்றுகிறவர்கள் பயன்படுத்துவதும் இதே நம்பிக்கையைத்தான். ஆண்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு 500 மீட்டர் தள்ளித் தங்கம் காட்டும் 'லாங் ரேஞ்ச் லொகேட்டர்' என்று யாராவது வந்தால், எந்த மாடல் என்றுகூடக் கேட்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கம் மிஷினைக் கொண்டுபோகவே கூடாது. யாரோ தொலைத்த மோதிரம் என்றால் உரியவரைத் தேடிக் கொடுப்பதுதான் முறை.

தமிழில் இந்த மிஷின்களைப் பற்றி எழுதுகிறவர்கள், வீடியோ போடுகிறவர்கள், பழையதை விற்கிறவர்கள் எல்லாரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாடல் பெயரைச் சொல்லும்போது கூடவே அலைவரிசை, காயில் அளவு, எடை மூன்றையும் சொல்லுங்கள். கம்பெனிகள் பெயரில் சொல்லாததை நாமாவது வாய்விட்டுச் சொல்வோம். "காம்பாட்ரே, ஒற்றை 12 கிலோஹெர்ட்ஸ், 8 அங்குலம், ஒரு கிலோ" என்று சொல்ல ஐந்து நொடிகூட ஆகாது. மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். பர்மா பஜாரானாலும் சரி, ஆன்லைனானாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அலை உள்வாங்கும் நேரம் பார்த்துத் திருவொற்றியூர்க் கரைக்கு வருவேன். வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் அங்கே வாருங்கள். காய்ந்த மணலில் காம்பாட்ரேவையும், ஈர மணலில் என் வான்குவிஷ் 340-ஐயும் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். ஒரு ஈயக் குண்டும் ஒரு மெட்டியும் புதைத்து வைக்கிறேன். சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதன்பின் பணத்தை எடுங்கள்.