ஒரு ஃபேனுக்கு இத்தனை அலைச்சலா?

உள்ளங்கை அகல ஃபேன். அதை மாற்ற மார்த்தாண்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் எத்தனை கடை ஏறி இறங்க வேண்டும்?

டிவியில் மாட்டி கேம் விளையாடுகிற கன்சோல், பிளேஸ்டேஷன் 4. அதற்குள் இருக்கிற ஃபேன்தான் இது. ஆன் செய்தால் மிக்ஸியில் காய்ந்த மிளகாய் போட்ட மாதிரி இரைச்சல். நம்ம ஊர் ஈரக்காற்றில் தூசி இறக்கையில் அப்பிவிட்டால் ஊதினாலும் போகாது. மாற்றலாம் என்று போனால், "புதுசு வாங்கிருங்க அண்ணே, இது பழசுல்லா." களியக்காவிளை கடைக்காரர் செல்போனிலிருந்து நிமிரவே இல்லை. பாறசாலையில், "கிட்டில்லா சேட்டா." இதைக் கேட்கவா இவ்வளவு பஸ் காசு?

ஆன்லைனோ அதைவிடக் கொடுமை. 2013-ல் வந்த முதல் மாடலுக்கு ஒரு ஃபேன். 2016-ல் வந்த ஸ்லிம் மாடலுக்கு வேறு, ப்ரோ மாடலுக்கு வேறு. முதல் மாடலிலேயே பிந்தி வந்ததற்கு கனெக்டர் வேறு! விற்கிறவன் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று போடுகிறான். எப்படிய்யா பொருந்தும்? கன்சோலில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைக் கேட்டு விற்றால் குறைந்தா போவான்?

அடுத்தது ஸ்க்ரூ. நட்சத்திர வடிவம், நடுவில் ஒரு முள். சாதா டிரைவர் நுழையாது. அதற்கான பிட் (டிரைவர் முனை) எந்த ஹார்டுவேர் கடையிலும் இல்லை. ஃபேனை எடுக்க பவர் சப்ளை, மதர்போர்டு, சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க் எல்லாம் கழற்றி, சிப்பின் சூட்டை அதற்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூச வேண்டும். டிவி, செல்போன், இன்வெர்ட்டர் எல்லாம் பிரித்து மாட்டுகிற ஊரில் இதைத் தொட ஒரு ஆள் கிடையாதா? படம் சுத்தமாக வருகிறது, டிஸ்க் ஓடுகிறது. ஒரு ஃபேனுக்காக அதைத் தூக்கிப் போடச் சொல்ல எப்படி மனசு வருகிறது உங்களுக்கு?