காற்று கலக்கும் உயரம் எங்கும் 1 கிலோமீட்டர்தானா?

"புகையும் தூசியும் மேலே கலக்கும் உயரம் எல்லா ஊரிலும் எல்லா நாளும் 1 கிலோமீட்டர், குளிர்காலத்தில் மாசு கூடினால் யாரோ கூடுதலாகப் புகை விடுகிறார்கள்" என்று ஒரு ஃபார்வேர்டு சுற்றுகிறது. தவறு.

அந்த உயரம் ஒரே நாளிலேயே பல மடங்கு மாறும். வெயிலில் தரை சூடாகி, அதைத் தொட்ட காற்று மேலெழுந்து கலப்பதால்தான் பகலில் இந்தக் கலக்கும் அடுக்கு உயர்கிறது. குளிர்கால இரவில் தெளிந்த வானம், காற்றசைவு இல்லை என்றால் 100, 200 மீட்டருக்குள் அடங்கிவிடும். கோடைப் பிற்பகலில் நிலத்தின் மேல் 2, 3 கிலோமீட்டர் போகும், சஹாராவில் 5 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. மழையில் நனைந்த நிலத்தில் வெப்பத்தில் பெரும்பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிவிடுவதால் அவ்வளவு உயராது. கடலின் மேல் இரவு பகல் வித்தியாசமே குறைவு.

குளிர்ந்த விடியலில் குப்பை எரியும் இடத்தைப் பாருங்கள், புகை கொஞ்சம் ஏறிவிட்டு மேலே கூரை தட்டியதுபோல் பக்கவாட்டில் பாயாக விரியும். அப்புறம் கணக்கும் எளிதுதான்: 1,500 மீட்டர் 300 ஆகச் சுருங்கினால் அதே அளவு புகை ஏறக்குறைய ஐந்து மடங்கு அடர்த்தியாகும். கூடுதல் புகையும் சேரலாம், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

வானிலை பலூன் பதிவுகளை வயோமிங் பல்கலைக்கழகத் தளத்திலும், இந்த அடுக்கின் மணிவாரி உயரத்தை ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈரா5 (ERA5) என்ற தரவுத்தொகுப்பிலும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த மெசேஜ் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.