அந்தக் கணக்கு யாருடைய பெயரில்?

கொம்பியூட்டரில் போடுகிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதா என்று சிரிக்கிற ஆட்கள் கிளிநொச்சியில் இப்போது குறைவு. கரடிப்போக்கிலிருந்து டிப்போச் சந்தி வரை ஏ9 வீதியோரம் இருக்கும் ஸ்டூடியோக்கள், அச்சகங்கள், கொமினிகேசன்கள் பலவற்றில் ஏதோ ஒன்றையாவது காசு கட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற மைக்ரோசொப்ட் ஸ்டோரில்தான் வாங்குகிறார்கள். மேக் வைத்திருக்கிற ஓரிருவர் அப்பிளின் ஸ்டோரில்.

நல்ல மாற்றம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வாங்கும்போது விலையைப் பார்க்கிறார்கள், எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறார்கள், கீழே ஆட்கள் எழுதிய கருத்தைக்கூட வாசிக்கிறார்கள். எந்தக் கணக்கில் வாங்குகிறோம் என்பதை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

மல்லாவிப் பக்கம் ரியூசன் நடத்தும் ஒரு ரீச்சர், பாடங்களை வீடியோவாக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக ஸ்டோரில் ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருள் வாங்கியிருந்தார். கொஞ்சக் காலம் நன்றாக ஓடியது. பிறகு லப்டொப்பின் ஹாட் டிஸ்க் போய்விட்டது. புதிது போட்டு, விண்டோஸ் ஏற்றி, ஸ்டோரைத் திறந்தால் அதே மென்பொருளுக்குப் பக்கத்தில் மறுபடியும் விலை நிற்கிறது. ரீச்சர் போனை நீட்டி வங்கியிலிருந்து வந்த மெசேஜைக் காட்டினார். “தம்பி, காசு என்ரை கார்ட்டிலதானே போனது. இஞ்ச பாருங்கோ, திகதியோட கிடக்கு.”

“அது சரி ரீச்சர். ஆனா ஸ்டோருக்குக் கார்ட் தெரியாது, ஈமெயிலைத்தான் தெரியும். எந்த ஈமெயிலில வாங்கினீங்கள்?”

அவருக்குத் தெரியாது. லப்டொப்பை விற்ற கடையில் வேலை செய்த பொடியன், பெட்டியைப் பிரித்து முதன்முதல் ஓன் பண்ணும்போது, விண்டோஸ் கணக்குக் கேட்க, வாயில் வந்த ஒரு பெயருக்குப் பின்னால் நாலைந்து இலக்கத்தைத் தட்டி ஒரு ஈமெயில் திறந்து விட்டிருக்கிறான். பாஸ்வேர்ட் அவனுக்கே ஞாபகம் இல்லை. மீட்டெடுப்பதற்குக் கொடுத்த போன் இலக்கம் அவனுடைய பழைய சிம். அவன் இப்போது கட்டாரில். ரீச்சர் கடைசியில் மறுபடியும் காசு கட்டித்தான் வாங்கினார், இந்த முறை தன்னுடைய ஈமெயிலில்.

பொடியனில் பிழை சொல்ல மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு ஈமெயில் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாளில் எத்தனை லப்டொப் செட் பண்ணிக் கொடுக்கலாம்? வாங்க வருகிறவர்களும், “நீரே ஏதாவது போட்டு விடும் தம்பி” என்றுதான் சொல்கிறார்கள்.

வன்னி ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் காணியைச் சொன்னால் போதும். இங்கே குடியேற்றத் திட்டங்களில் நிறையப் பேரிடம் இருப்பது பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. விதைக்கலாம், வீடு கட்டலாம், ஆனால் நினைத்தவுடன் உறுதி எழுதி விற்க முடியாது. ஸ்டோரில் வாங்கும் மென்பொருளும் பெர்மிட்தான், உறுதி இல்லை. பட்டனில் ‘வாங்கு’ என்று போட்டிருந்தாலும் நம் கைக்கு வருவது பாவிக்கும் உரிமை மட்டும். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: டிஜிட்டல் பொருளை விற்பவர், நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும், சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக்கூடாது. அது வருவதற்கு முன்னமே, 2024 ஒக்ரோபரில், கொம்பியூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் என்ற ஸ்டோர் தன்னுடைய கட்டணப் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது.

பெர்மிட் காணிக்காவது பின்னுரித்தாளர் என்று ஒரு பெயர் போடலாம். ஆள் போனபிறகு பிள்ளைக்கோ பெண்சாதிக்கோ அது போகும். ஸ்டோர்க் கணக்கில் அந்த ஏற்பாடும் ஒழுங்காக இல்லை. தன் கணக்கை உயிலில் எழுதி வைத்தாலும் மாற்றித் தரமுடியாது என்று ஸ்டீம் சொல்லிவிட்டது. அப்பிளில் இறந்தவரின் கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்கலாம், ஆனால் அதிலும் காசு கொடுத்து வாங்கிய படம், பாட்டு, புத்தகம் எல்லாம் சேராது. பெர்மிட்டை ரத்துச் செய்வதுபோல் ஸ்டோர்க்காரன் திருப்பி எடுத்ததும் உண்டு. மைக்ரோசொப்ட் தன் ஸ்டோரில் மின்நூல்கள் விற்றது. 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தி, ஜூலையில் ஆட்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த புத்தகங்களையும் இல்லாமல் செய்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் புத்தகம் போனது போனதுதான்.

இவ்வளவும் சொல்வதால் ஸ்டோரே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்பு நாங்கள் இருந்த நிலையை யோசித்துப் பாருங்கள். பென்ட்ரைவ் கைமாறிக் கைமாறி வரும். போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடக்கும். காசு கட்டாமல் மென்பொருளின் பூட்டை உடைக்கிற ‘கிராக்’ ஓட வேண்டுமென்றால் அன்டிவைரஸை நிறுத்து என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கும், நாங்களும் கைகட்டி நின்று நிறுத்துவோம். 2018க்குப் பிறகு ‘ஸ்டொப்’ என்று ஒரு கப்பம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்க இந்தக் கிராக்குகளுக்குள் ஒளிந்துதான் பரவியது. பைல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, 980 டொலர் தா, 72 மணித்தியாலத்துக்குள் தந்தால் பாதி என்று ஒரு கடிதம் விட்டுப் போகும். பரந்தன் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். அல்பம் இன்னும் அடிக்காத ஒரு கலியாணத்தின் படம் முழுக்க அந்த ஹாட் டிஸ்க்கில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று அந்த அண்ணை வாசலில் நின்று போனை எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார்.

அந்தப் பயம் ஸ்டோரில் பெருமளவு இல்லை. அதிலும் மேக் ஸ்டோரில் 2012 ஜூனிலிருந்து ஒவ்வொரு மென்பொருளும் தன் வேலிக்குள்ளேயே நிற்கவேண்டும் என்று கட்டாயம். நீங்கள் காட்டிய பைலைத்தான் அது தொடலாம். இதனால் சில மென்பொருள்களின் ஸ்டோர்ப் பதிப்பில் ஒன்றிரண்டு வசதிகள் இருக்காது. வேலைக்கு வேண்டிய மென்பொருள் என்றால் தயாரித்தவரின் தளத்தில் இருக்கும் பதிப்பையும் ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டோர் என்றவுடன் எல்லாம் சுத்தம் என்றும் இல்லை. 2014இல் மைக்ரோசொப்ட் தன் ஸ்டோரிலிருந்து 1,500க்கு மேற்பட்ட ஏமாற்று அப்களைத் தூக்கியெறிந்தது. இலவச மென்பொருளின் பெயரையும் படத்தையும் போட்டுக் காசு கேட்டவையும் அதற்குள் இருந்தன. இன்றைக்கும் ஒரு பெயரைத் தேடினால் அதே மாதிரிப் பெயரோடு நாலைந்து வந்து நிற்கும். வெளியிட்டவர் யார் என்ற சின்ன எழுத்தை வாசிக்காமல் காசு கட்டாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். கிரிட்டா என்று ஒரு ஓவிய மென்பொருள் இருக்கிறது. அவர்களின் தளத்தில் இலவசம், மைக்ரோசொப்ட் ஸ்டோரிலும் ஸ்டீமிலும் காசு. கடிதம், கணக்கு எல்லாம் அடிக்கிற லிப்ரேஒபிஸும் அப்படித்தான். தளத்தில் இலவசம், 2022 செப்டெம்பரில் மேக் ஸ்டோரில் போட்டபோது 8.99 யூரோ. இது ஏமாற்று இல்லை. செய்தவர்களே போட்டது, அந்தக் காசு அந்த வேலைக்கே போகிறது. வசதி உள்ளவர்கள் கட்டுங்கள், புண்ணியம். ஆனால் ஓ.எல் படிக்கிற பிள்ளைக்கு எழுதப் பழக ஒரு மென்பொருள் வேண்டுமென்று சீட்டுக் காசில் எடுத்துக் கட்டவேண்டிய தேவை இல்லை. படம் வரையப் பழகவென்றால் இன்க்ஸ்கேப் ஸ்டோரிலேயே இலவசமாகக் கிடக்கிறது.

அப்புறம் டொலர். ‘இலவசம்’ என்று பெரிதாகவும், ‘உள்ளே கட்டணம் உண்டு’ என்று சின்னதாகவும் போட்டிருப்பதுதான் இப்போது அதிகம். இறக்கித் திறந்தால் மாதச் சந்தா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. மாதம் 10 டொலர் கட்டிக்கொண்டிருந்தவருக்கு 2,000 ரூபா இருந்தாற்போல் 3,600 ஆனது. வேலையோ கூடவில்லை, வருகிறவர்களோ கலியாணக் கார்ட்டைக்கூடக் குறைத்து அடித்தார்கள். ஒருமுறை கட்டி முடிக்கிற மென்பொருள் இருக்கும்போது மாதச் சந்தாவில் தலையைக் கொடுப்பது, வருமானம் ரூபாவில் வருகிற எங்களைப் போன்றவர்களுக்குச் சரிவராது என்பது என்னுடைய முடிந்த முடிவு. மறுத்துப் பேச நினைப்பவர்கள் பேசலாம்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்டோரில் படங்களைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். சோதனைப் பதிப்பு இருந்தால் முதலில் இறக்கி, யூனிகோட் எழுத்தில் ‘கொக்கு’, ‘ஸ்ரீ’, ‘மௌனம்’ என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். பேர்போன ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி இன்னொரு பக்கம் என்று சிதறியதை என் மேசையிலேயே பார்த்தேன். நல்லவேளை, சோதனைப் பதிப்பு. வேடிக்கை என்னவென்றால் அதே மென்பொருளில், யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தால் ஒரு பிசகும் இல்லை. பாமினிக்குக் கொம்பும் எழுத்தும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதால், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடித்துக்கொண்டு போனால் சரி, மென்பொருள் தமிழை விளங்கிக்கொள்ளத் தேவையில்லை. முப்பத்தோராம் நாள் கல்வெட்டும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிற எங்கள் ஆட்கள் பாமினியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைமைவாதம் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கிற போன் இலக்கத்தோடு ஒரு கணக்கு இருந்தால் ஸ்டோர் உண்மையிலேயே வசதியான இடம். மைக்ரோசொப்ட் ஸ்டோரில் வாங்கிய ஒரு அப்பை அதே கணக்கில் 10 விண்டோஸ் கணினிகள் வரை போடலாம். மேக்கில் தயாரித்தவர் அனுமதித்திருந்தால் குடும்பத்துக்குள் ஆறு பேர் வரை பகிரலாம். மெஷின் மாறினாலும், போமட் அடித்தாலும், உள்ளே போய்ப் பழைய பட்டியலில் ஒரு தட்டு. கடை வைத்திருப்பவர்கள் கடைக்கென்று ஒரு ஈமெயில் திறந்து, அதை முதலாளியின் போனோடு இணையுங்கள். வேலைக்கு நிற்கிற பிள்ளையின் ஈமெயிலில் வாங்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வெளிநாடு போகும், அல்லது பக்கத்தில் சொந்தக் கடை போடும். இரண்டும் நல்ல விசயம்தான், உங்கள் மென்பொருளும் சேர்ந்து போகாமல் இருந்தால்.

போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவர்கள் அந்த வைஃபையை ‘மீற்றர்’ இணைப்பு என்று விண்டோஸில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டோர் தானாக அப்டேட் இறக்கி, காலையில் போட்ட ரீலோடை மதியத்துக்குள் முடித்துவிடும்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கிற உறவுகளுக்கு. இங்கே பல பேரின் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கட்டணம் போகாது, வங்கிக்குப் போய்ச் சொல்லித் திறக்கவேண்டும். அதனால் கனடா மாமாவுக்கோ லண்டன் சித்தப்பாவுக்கோ ஒரு மெசேஜ் போகிறது. அவர்களும் பாசத்தில் அங்கே கடையில் ஒரு கிப்ட் கார்ட் வாங்கிப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அப்பிள், மைக்ரோசொப்ட் கார்ட்டுகள் விற்ற நாட்டுக்கே உரியவை. இங்கே திறந்த கணக்கில் அது ஏறாது, காசு அங்கேயே நிற்கும். இன்னும் சிலர் தங்கள் சொந்தக் கணக்கையே மருமகனின் லப்டொப்பில் போட்டுவிட்டு, பிறகு தங்களுடைய ஈமெயில், படம் எல்லாம் விசுவமடுவில் திறந்து கிடக்கிறது என்று தவிக்கிறார்கள். மாமாமாரே, அந்த மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் லைசன்ஸ் கீ விற்கிறார்களா என்று முதலில் பாருங்கள். விற்றால் அங்கே உங்கள் கார்ட்டில் கட்டி, உரிமத்தில் மருமகனின் பெயரையும் ஈமெயிலையும் கொடுத்து, வருகிற கீயை வைபரில் அனுப்பிவிடுங்கள். இன்ஸ்டோலர் பைலை இங்கே இரவு டேட்டாவில் அவன் இறக்கிக்கொள்வான். ஒரு பிரதியை வெளி ஹாட் டிஸ்க்கில் போட்டு வைக்கவும் சொல்லுங்கள்.