டிவி நரசிம்மரும் மெலட்டூர் நரசிம்மரும்

போன வாரம் சித்தி வீட்டில் சாப்பிடும்போது டிவியில் ஒரு புராண சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. தூண் பிளக்கிறது, புகை, இடி, கிராபிக்ஸ் சிங்கம். சித்தி மகளின் பையன், ஆறு வயது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "இன்னொரு அப்பளம்" என்றான். அவனை என்ன சொல்ல, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதே நரசிம்மரைப் பார்த்து, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் மெலட்டூரில் நடுங்கியிருக்கிறேன். நரசிம்ம ஜெயந்தியையொட்டி வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே நடக்குமே, பாகவத மேளா என்கிற நாட்டிய நாடகம். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் பிரகலாத சரித்திரம், பாட்டெல்லாம் தெலுங்கு, எனக்குப் பாதிகூடப் புரியாது. பிரகலாதனின் அம்மா லீலாவதியாக வருவதும் ஆண்தான். ராத்திரி ஆரம்பித்தால் விடியும் நேரத்தில்தான் தூண் பிளக்கும். நடுவில் இரண்டு தரம் தூங்கி, ஒரு தரம் டீ குடித்துவிட்டு வந்தேன், கதை எனக்காக நிற்கவில்லை. அப்புறம் அந்த முகமூடி வந்தது. வருஷம் முழுக்கக் கோயிலில் பூஜையில் இருப்பது, அணிகிறவர் விரதம் இருந்துதான் அணிகிறார். ஆவேசம் வந்து அவர் இரணியன் மேல் பாய, பிடிக்க வந்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். அதில் ஒருவருக்கு வேட்டி அவிழ்ந்துவிட்டது. ஒரு கையில் வேட்டி, மறு கையில் பெருமாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சினிமாவைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், வருஷத்துக்கு முப்பது படம் பார்க்கிறவன் நான். இமை துடிப்பதை சினிமாதான் காட்டும். மேடையில் அது பின்வரிசைக்குத் தெரியாது, அதனால்தான் குரலையும் கையையும் பெரிதாக்கினார்கள். நம்ம சூரக்கோட்டை சிவாஜியை 'ஓவர் ஆக்டிங்' என்பவர்களோடு எனக்குத் தகராறே இதில்தான். சின்னப் பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கடைசி ஆள் வரை கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது, கேமரா வந்ததும் சுருங்கிவிடுமா?

ஆனால் சினிமாவில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு பண்ணிவிடுகிறார்கள். மெலட்டூரில் என் கண் சிங்கத்தை விட்டு அந்த வேட்டிக்காரரிடம் போனது. எந்த எடிட்டரும் அவரை விட்டுவைத்திருக்க மாட்டார்.

அன்றைக்குப் போனில் எடுத்த வீடியோவைப் பையனுக்குக் காட்டினேன். அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் மாமா அவரைப் பிடிச்சிருக்காங்க?" என்றான்.

அடுத்த வருஷம் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். தூங்கிவிட்டால் தோளில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.