மனம் மாறினால் மட்டும் போதுமா?
"ஒவ்வொருவரும் மனம் மாறினாலே போதும், சட்டம் தேவையில்லை" என்று, கண்ட இடத்தில் குப்பை வீசுவதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கப் போன இடத்தில் உடைந்த மது பாட்டில் குத்தி என் அம்மா காலில் ஆறு தையல் போட்டார்கள். தோட்டத்தில் பாட்டில் வீசாதீர்கள் என்று நாங்கள் பல வருஷம் சொல்லிப் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. 2022-இல் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அப்புறம்தான் எங்கள் தோட்டத்து ஓரத்தில் பாட்டில் குறைந்தது. நம்மிலிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரி, நானும் பிளாஸ்டிக் கவர் வாங்காமல் கடைக்குத் தூக்குவாளியோடுதான் போகிறேன், என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவும் எடுத்துப் போகிறார். ஆனால் ஒரு நாள் சுற்றுலா வந்து போகிறவர்களுக்கு அந்த 10 ரூபாய் மாதிரி ஏதாவது வேண்டும். சிப்ஸ் கவருக்கும் அப்படி ஒன்று கொண்டு வாருங்கள்.