"ரெண்டடி தொட்டி போதும்ணா"ன்னு சொல்லி பைக் சிச்லிட் விற்பவர்களுக்கு

"ரெண்டடி தொட்டி போதும்ணா. எல்லா மீனோடயும் செட் ஆகும். எதப் போட்டாலும் சாப்பிடும்."

நேற்று ஒரு கடை கவுண்டரில் மறுபடியும் இதே மூன்று வாக்கியம். பையில் நாலு அங்குல நீளத்தில் ஒரு குட்டி பைக் சிச்லிட், அதாவது தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் வேட்டை மீன். கடையில் சுருக்கமாக பைக். வாங்கியது கல்லூரிப் பையன். வீட்டுத் தொட்டியில் நியான் டெட்ரா என்ற பொடி மீன் இருபது இருக்கிறது என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். அதைக் கேட்ட பிறகும் "செட் ஆகும்ணா" என்று ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டிக் கையில் கொடுத்தாயிற்று. எந்த பைக் என்று கேட்டதற்கு வந்த பதில், "பைக்குதாண்ணா." இந்தப் பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எத்தனை தடவை கேட்டாலும் வயிறு எரிகிறது.

"பைக்குதாண்ணா" என்று ஒரு மீன் கிடையாது. 1840இல் ஹெக்கல் என்ற மீனியல் ஆய்வாளர் கிரெனிசிக்லா என்று பெயர் வைத்த பேரினத்தை ஆய்வாளர்கள் 2023இல் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். லுகுப்ரியா, சாக்ஸடிலியா, வாலசியா என்று இப்போது தனித்தனிப் பெயர்கள். விற்பவர் லத்தீன் படிக்க வேண்டாம். பையில் இருப்பது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? வாலசியா வகை பத்து சென்டிமீட்டர் வாக்கில் நின்றுவிடும் குள்ள பைக். மூன்றடித் தொட்டியில் நிம்மதியாக வாழும். சாக்ஸடிலியா வகை பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை போகும். லுகுப்ரியா முப்பதைத் தாண்டும். பத்துக்கும் முப்பதுக்கும் ஒரே பெயர், ஒரே அறிவுரை, ஒரே ரெண்டடித் தொட்டி.

குட்டியில் அடையாளம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. உடம்பு முழுக்க மிளகுத்தூள் தூவியது போல் பொடிப்பொடிப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது லுகுப்ரியா கூட்டத்துக் குட்டி. வளர வளர அந்தப் புள்ளி மறைந்து நிறமே மாறிவிடும். நேற்றைய பையில் இருந்ததிலும் அந்தப் புள்ளிகள்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது.

சரி, அந்த மூன்று வாக்கியத்தையும் ஒவ்வொன்றாக எடுப்போம்.

ரெண்டடி தொட்டி. 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர். விளிம்பு வரை ஊற்றினால் 54 லிட்டர், மணலும் கல்லும் போட்டால் 45 தேறும். ஒழுங்காகத் தீனி கிடைத்தால் இந்த மீன் ஒரு வருடத்தில் இருபது சென்டிமீட்டரை நெருங்கும். அதன் பிறகு முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் உடம்பை வளைத்துத்தான் திரும்ப வேண்டும். பைக் என்பது பதுங்கி நின்று அம்பு மாதிரி பாயும் மீன். பாய்ந்தால் மூக்கு நேராகக் கண்ணாடியில். தாடை சிதைந்து, உதடு வெளுத்து, பூஞ்சை பிடித்த பைக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். லுகுப்ரியா வகைக்கு ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, அதாவது கிட்டத்தட்ட 650 லிட்டர் வேண்டும். சாக்ஸடிலியா ஜோடிக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். உயரத்தை விட அகலம்தான் முக்கியம், ஏனென்றால் இது தரையோடு தரையாக வாழும் மீன். கடையில் எப்போதும் உயரமான தொட்டியைத்தான் தள்ளிவிடுகிறார்கள்.

எல்லா மீனோடயும் செட் ஆகும். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் மீனை பைக் சாதாரணமாக விழுங்கும். பத்து சென்டிமீட்டர் குட்டி, மூன்று சென்டிமீட்டர் நியான். கணக்கு அவ்வளவுதான். விளக்கை அணைக்கும் நேரத்து மங்கல் வெளிச்சத்தில் முதல் இரண்டு போகும். காலையில் பதினெட்டு. எங்கேயோ ஒளிந்திருக்கும் என்று அந்தப் பையன் நினைப்பான். மறுநாள் பதினைந்து. ஃபில்டரைத் திறந்து தேடுவான். நாலாம் நாள் பைக்கின் வயிறு உப்பியிருப்பதைப் பார்த்து நோய் என்று பயந்து அதே கடைக்கு ஓடுவான். அங்கே ஒரு நீல மருந்து பாட்டில் தலையில் கட்டப்படும். அந்த மெத்திலீன் ப்ளூவை ஓடுகிற தொட்டியில் ஊற்றினால், மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் ஃபில்டர் பாக்டீரியா செத்துவிடும். அம்மோனியா ஏறும். இத்தனைக்கும் அந்த மீனுக்கு இருந்த ஒரே பிரச்சினை ஐந்து நியான் தின்றது.

அதை விடக் கொடுமை, "தனியா இருந்தா டல்லா இருக்கும், இன்னொண்ணு போடுங்கண்ணா" என்ற அடுத்த யோசனை. பைக்குக்கு மிகப் பெரிய எதிரி இன்னொரு பைக்தான். சின்னத் தொட்டியில் இரண்டு விட்டால், ஒன்று மேல் மூலையில் வாலைக் கீழே தொங்கவிட்டு நிற்கும், ஒரு வாரத்தில் செதில் உரிந்து சாகும். ஜோடி வேண்டுமென்றால் ஆறோ எட்டோ குட்டிகளைப் பெரிய தொட்டியில் ஒன்றாக வளர்த்து, தானாக ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை உடனே வெளியே எடுக்க வேண்டும். ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி மரக்கட்டை, கல், நாலு அங்குல பிவிசி குழாய்த் துண்டு என்று மீனின் எண்ணிக்கையை விட அதிகமாக மறைவிடம் இருக்க வேண்டும். குகைக்குள் முட்டையிடும் மீன் இது. குழாய் இல்லாவிட்டால் பெண் மீனுக்கு ஓடி ஒளியக்கூட இடமில்லை. கூட விட வேண்டுமென்றால் வாயில் நுழையாத அளவுள்ள செவரம், ஜியோஃபேகஸ், சில்வர் டாலர். அதுவும் பெரிய தொட்டியில், அவற்றை முதலில் விட்டு, பைக்கைக் கடைசியாக விட வேண்டும்.

எதப் போட்டாலும் சாப்பிடும். இந்தப் பொய்க்குத்தான் எனக்கு அதிகக் கோபம். புதிதாக வந்த பைக், பெல்லட் என்ற உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு வாரம் பட்டினி கிடந்ததும் அதே கடைக்காரர் கோல்டு ஃபிஷ் குட்டிகளைப் பையில் போட்டுக் கொடுப்பார். கோல்டு ஃபிஷ் கெண்டை இனம். அதன் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். அதையே மாதக்கணக்கில் தின்ற மீன் சோர்ந்து, வலிப்பு வந்தது போல் சுழன்று சாகும். போதாக்குறைக்கு இரைமீன் விற்கும் நெரிசலான ஃபீடர் தொட்டியில் இருந்து வெள்ளைப்புள்ளி நோயும் குடல்புழுவும் கூடவே வரும். உயிர்மீனை வேட்டையாடிப் பழகிய பைக்கை மறுபடி பெல்லட்டுக்குத் திருப்புவதற்குள் மாதங்கள் ஓடும்.

பழக்கும் முறை ஒன்றும் ரகசியமில்லை. உடல் தேறிய மீனை மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு உறைந்த பிளட் வோர்ம் (சிவப்புப் புழு), அல்லது நீளமாக நறுக்கிய ஜிலேபி மீன் சதை. நீண்ட இடுக்கியில் பிடித்து மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஆட்டுங்கள். அசைந்தால்தான் அதற்கு இரை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டதும் சதைக்குள் மூழ்கும் பெல்லட் ஒன்றைச் செருகுங்கள். பிறகு சதையைக் குறைத்து பெல்லட்டைக் கூட்டுங்கள். மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பாலானவை வழிக்கு வரும். இறால் மட்டுமே போட்டுக்கொண்டிருக்காதீர்கள், அதிலும் தயாமினேஸ் பிரச்சினை உண்டு. மாட்டு இதயம் வேண்டவே வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. வளர்ந்த மீனுக்கு வாரம் மூன்று தடவை போதும். இதை ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்புவது தனி அநியாயம். நம்ம ஊர் போர் தண்ணியில் பல இடங்களில் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும், பிஎச் எட்டைத் தொடும். சாக்ஸடிலியா ஓரளவு தாங்கும். கறுப்பு நீர் ஆறுகளில் பிடித்துவந்த மீன் தாங்காது. ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து டிடிஎஸ்ஸை 150 முதல் 250க்குள் கொண்டுவந்து, அந்த அளவை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகும் என்பதால், கடினத் தண்ணீரில், ஃபில்டர் பாக்டீரியா முழுதாக வளராத அரைகுறைத் தொட்டி உயிர்க்கொல்லி. வாரம் நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்றம், கழிவில் இருந்து சேரும் நைட்ரேட் இருபது பிபிஎம்முக்குள். சோம்பல்பட்டால் தலையில் குழி விழும். குழி ஆறினாலும் வடு போகாது.

பிரேசிலின் ஷிங்கு ஆற்று பைக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 28 முதல் 30 டிகிரி வெப்பம், பாறைகளுக்கு இடையே பாயும் தண்ணீர், நிறைய ஆக்சிஜன் என்று வாழ்ந்த மீன். சித்திரை வெயிலில் தொட்டி 32ஐத் தொடும், வெந்நீரில் ஆக்சிஜன் தங்காது, அப்போது பார்த்துக் கரண்ட்டும் போகும். பேட்டரி ஏர் பம்ப் கையிருப்பில் இல்லாமல் இந்த மீனைத் தொடவே கூடாது. 2018இல்தான் டண்டாரா என்று பெயர் பெற்ற கரும் பைக்கின் ஆறு அது. அங்கே பெலோ மொன்டே அணை வந்து, அருவிப் பாறைகளின் நீரோட்டத்தையே மாற்றிவிட்டது. அப்படிப்பட்ட ஆற்றில் பிடித்து, விமானம் ஏற்றி, கண்டம் தாண்டிக் கொண்டுவந்த உயிரைக் கடைசியில் 45 லிட்டரில் அடைத்து ஆறு மாதத்தில் கொல்வதற்கா?

சாகாமல் பிழைத்துவிட்டால் அடுத்த யோசனையும் தயார்: "பெருசாயிட்டா ஏரில விட்டுடுங்கண்ணா." கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீனை அப்படி விட்டுத்தான் இன்று வலை போடுகிறவர்கள் அதை அறுத்து எடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். குட்டிகளைக் காவல் காத்து வளர்க்கும் ஒரு வேட்டை மீனையும் அதே ஏரியில் விடச் சொல்வதற்கு எப்படி மனசு வருகிறது? வளர்ந்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு கடையாவது சொல்லட்டும்.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் வாசலில் நிறுத்திச் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "தம்பி, இந்த மீன் வாஸ்துவுக்கு நல்லதா? எந்தத் திசையில வைக்கணும்?"

ஐயா, எந்தத் திசையில் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் மூடி போட்டு, அதன் மேல் கனம் வைத்து, ஃபில்டர் குழாய்க்காக வெட்டிய அந்த மூலை ஓட்டையையும் வலையால் அடைத்துவிட்டு வையுங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் இது ராத்திரி குதிக்கும்.