அந்தச் சாம்பல் திட்டுகளைச் சுரண்டாதீர்கள்

மரப்பட்டையில் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடப்பதைப் பார்த்ததும், "மரத்துக்குத் தேமல் வந்துடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். அது நோயே இல்லை, லைக்கன் என்ற ஓர் உயிர். கம்பி பிரஷ்ஷை எடுத்து வந்து தேய்க்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

நாட்டு மரம், நாட்டுச் செடி, நாட்டு விதை என்று இப்போது நிறையப் பேசுகிறோம். நல்ல விஷயம்தான், நானும் பேசுகிறேன். ஆனால் அந்தந்த மண்ணுக்கே உரிய ஓர் உயிர், யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல், காற்றில் தானாக வந்து நம் சுவரிலும் மரத்திலும் குடியேறினால் அதை அழுக்கு என்று சுரண்டிப் போடுகிறோம். நர்சரியில் காசு கொடுத்து வாங்கியதற்கு மட்டும்தான் தோட்டத்தில் இடமா? எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

லைக்கன் என்பது ஒரே உயிர் அல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை இடம் கொடுத்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசியோ நீலப்பச்சை பாக்டீரியாவோ வெயிலில் உணவு சமைக்கிறது. 1867இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டெனர் இதைச் சொன்னபோது அன்றைய லைக்கன் நிபுணர்கள் பலர் ஏற்கவே இல்லை. 2016இல் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர், பல லைக்கன்களின் மேல்தோலில் ஒரு ஈஸ்ட்டும் குடியிருப்பதைக் காட்டினார்கள்.

மரத்துக்குக் கெடுதல் என்ற பயத்துக்கு வருகிறேன். லைக்கனுக்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் இருக்கும். அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழை, பனி, காற்றில் வரும் தூசி, இவற்றிலிருந்தே அது பிழைத்துக்கொள்கிறது. அப்படியானால் நோஞ்சான் மரத்தில் ஏன் அதிகமாக இருக்கிறது? இலை உதிர்ந்து கிளை வெறிச்சோடும்போது உள்ளே வெயில் நன்றாக விழுகிறது. வளர்ச்சி குறைந்த மரத்தில் பட்டையும் சீக்கிரம் உரிந்து விழாது. வெளிச்சமும் அசையாத இடமும் கிடைத்தால் லைக்கனுக்குப் போதும். மரம் வாடியதால் அது வந்தது. அது வந்ததால் மரம் வாடவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேரை, வடிகாலை, தண்டு துளைக்கும் பூச்சியை. திட்டைத் தேய்த்து எடுத்தால் பட்டைதான் காயப்படும், அந்தக் காயம் வழியாக உண்மையான நோய் உள்ளே போகும்.

ஒருமுறை கைலென்ஸ் வைத்துப் பாருங்கள், பத்து மடங்கு பெரிதாக்கினால் போதும். வழவழப்பான பட்டையில் வெள்ளைப் பூச்சு போலத் தெரியும் இடத்தில், கறுப்பாகக் குட்டிக் குட்டிக் கோடுகள் வளைந்தும் கிளைத்தும் ஓடும். யாரோ ஊசிமுனையால் கிறுக்கியதுபோல இருக்கும். கிராஃபிஸ் என்ற பேரினம் அது. அந்தக் கோடுகளில்தான் வித்துகள் உருவாகின்றன. பக்கத்தில் இலைபோல மடிந்து கிடக்கும் சாம்பல் வகை இருந்தால், காய்ந்த நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சற்று நேரத்தில் அந்த இடம் மட்டும் பச்சையாகிவிடும். மேல்தோல் நனைந்ததும் ஒளி ஊடுருவி, அடியிலிருக்கும் பாசி வெளியே தெரிகிறது. அதுவரை செத்ததுபோலக் கிடந்தது அப்போதே வேலையைத் தொடங்கிவிடும். இந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி சாதாரணமானதல்ல. 2005இல் ஃபோட்டான்-எம்2 விண்கலத்தில் இரண்டு லைக்கன் இனங்களை அனுப்பி, சுமார் இரண்டு வாரம் திறந்த விண்வெளியில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபின் அவை மறுபடியும் ஒளிச்சேர்க்கை செய்தன.

விண்வெளியையே தாங்குவது நம் பிளீச்சிங் பவுடரைத் தாங்காது. செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியும் அப்படித்தான். அதன் உடலில் பெரும்பங்கு பூஞ்சை ஆயிற்றே.

எனக்கு ரொம்பவும் வலிப்பது அதன் வயதை நினைக்கும்போதுதான். பாறையிலும் சுவரிலும் அப்பிக் கிடக்கும் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட விரிவதில்லை. சரி, ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் உருவாகக் கால் நூற்றாண்டு. பிரஷர் வாஷரைப் பிடித்தால் அரை நிமிடத்தில் காலி.

காற்று எப்படி இருக்கிறது என்பதையும் இவை காட்டிக்கொடுக்கும். 1866இலேயே லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர், பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் இருக்கும் லைக்கன்களை வைத்துக் காற்றின் தரம் பற்றி எழுதினார். 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும் மரப்பட்டை லைக்கன்களைப் பார்த்தே காற்றை மாசாக்கும் கந்தக டைஆக்சைடின் அளவைக் கணிக்கும் அளவுகோலை வெளியிட்டார்கள். எந்த லைக்கனைப் பார்த்தாலும் "காற்று சுத்தம்" என்று சொல்லிவிட முடியாது, மாசைத் தாங்கும் வகைகளும் உண்டு. தாடிபோலத் தொங்கும் உஸ்னியா உங்கள் மரத்தில் இருந்தால் மட்டும் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள்.

அப்புறம் இதை நம்பி வாழ்பவை. லைக்கன் திட்டுக்குள் மைட் எனப்படும் சிற்றுண்ணிகளும் நுண்ணிய பூச்சிகளும் இருக்கும். பை போன்ற கூட்டுக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுக்களில் சில, லைக்கன் துணுக்குகளைத் தங்கள் பைமேல் ஒட்டிக்கொண்டு மறைந்து வாழ்கின்றன. ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங்பேர்ட்) பல, சிலந்தி நூலால் லைக்கனை ஒட்டித் தங்கள் கூட்டின் வெளிப்புறத்தை மூடுகின்றன.

நடைபாதையிலும் படியிலும் வழுக்கினால் தேய்த்துக் கழுவுங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அங்கே வழுக்குவது பெரும்பாலும் லைக்கன் அல்ல, தனியாகப் படரும் பாசிதான். மரம், மதில், பழைய கல், மண்தொட்டியின் வெளிப்பக்கம், இவற்றை விட்டுவிடுங்கள். காட்டிலிருந்து பெயர்த்து வந்து ஒட்டவும் வேண்டாம். ஒளி, ஈரம், ஒட்டியிருக்கும் பரப்பு மாறினால் பெரும்பாலும் பிழைக்காது, அங்கேயும் ஒன்று குறைந்துபோகும். லைக்கன் படிந்த கிளை காற்றில் முறிந்து விழுந்தால் எரிக்காமல், முன்பு வெயில் பட்ட பக்கம் மேலே தெரியும்படி ஒரு மரத்தடியில் சாய்த்து வையுங்கள். அதிலிருந்து உதிரும் துகள்கள் பக்கத்துப் பட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கும்.